டொட், தேசிக்காய், அம்மான்ர கேள்வி

வணக்கம் அண்ணை, வவுனியா கம்பஸில அப்ளைட் சயன்ஸ் முடிச்சிட்டு நிக்கிறன். வெளியில ஒரு லாப்பில ஆறு மாச ட்ரெயினிங் கிடைச்சிருக்கு, குவாண்டம் டொட் வச்சு வெயிலில தண்ணியை உடைச்சு ஐதரசன் எடுக்கிற வேலை. இதைப் படிச்சிட்டு மாங்குளத்தில வந்து என்ன செய்வாய் எண்டு அம்மா கேக்கிறா. இங்க எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்புக்கு எங்க போறது? போகவோ விடவோ?
ஒரு வாசகி, மாங்குளம்

தங்கச்சி, போம். ஆனா அம்மாவோட சண்டைக்குப் போகாதையும், போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தலுக்க பஞ்சை வச்சு ரெண்டு சொட்டு மண்ணெண்ணையில விளக்கெரிச்ச ஆக்கள் அவை, எனர்ஜி எண்டா என்னெண்டு எங்களை விட அவைக்குத் தெரியும்.

மற்ற வாசகருக்காக ஒரு வரி. டொட் எண்டது சில நானோமீட்டர் அளவுக் குறைகடத்தித் துணிக்கை. உடுக்கு சின்னன், சத்தம் கூர், தவில் பெருசு, சத்தம் கனம். இலத்திரனையும் சின்ன இடத்துக்க நெருக்கினா அப்பிடித்தான், ஒரே கட்மியம் செலனைட் 2 நானோமீட்டர் பக்கம் நீலமாவும் 6 பக்கம் சிவப்பாவும் ஒளிரும். எகிமோவ், புரூஸ், பவெண்டி மூண்டு பேருக்கும் 2023ல இதுக்குத்தான் நோபல்.

இப்ப உம்மட விஷயம். தண்ணியை உடைக்கிறது எண்டு எழுதியிருக்கிறீர், போன முதல் நாளே கேளும், அஸ்கோர்பிக் அமிலமோ மெதனோலோ கலக்கிறீங்களோ எண்டு. கலந்தா, வெளிச்சம் பட்டு இலத்திரன் எழும்பிப் போன துளையை நிரப்புறது அந்தக் கலந்த சாமான்தான், தண்ணி இல்லை, ஐதரசன் குமிழ் குமிழா வரும், ஒட்சிசன் வராது. அது அரைவாசி வேலை. பிழையில்லை, ஆனா முழுசு எண்டு சொல்லிப்போடாதையும்.

டொட் வெளிச்சத்தில ஊக்கியா வேலை செய்யுதோ எண்டு பாக்கப் போடுற மெதிலீன் புளூ எண்ட நீலச் சாயமும் அப்பிடித்தான். நீலம் வெளிறினதும் ஊக்கி வேலை செய்யுது எண்டு குதிப்பினம், சாயம் துணிக்கையில ஒட்டினாலும் வெளிறும், வெறும் வெளிச்சத்திலயும் கொஞ்சம் வெளிறும். இருட்டில ஒருக்கா, டொட் போடாம ஒருக்கா வச்சுப் பாக்காட்டி அந்த கிராஃபைக் கிழிச்செறியலாம்.

தேசிக்காய்ச் சாறை அவிச்சு, கட்மியம் இல்லாம காபனால ஆன டொட் செய்யிற ஆசை எனக்கும் இருந்தது (வீட்டில சட்டியும் போச்சு). யூவி ரோச் அடிச்சா நீலமா ஒளிரும்தான், ஆனா தேசிக்காயில இருக்கிற சித்திரிக் அமிலம் அமைன் எண்ட நைதரசன் சேர்வையோட சேந்து சூடேறினா டொட்டே இல்லாம வெறும் சின்ன மூலக்கூறும் அப்பிடி ஒளிரும். சின்ன மூலக்கூறு மட்டும் வெளிய கழியிற டயலிசிஸ் பையில கட்டித் தண்ணியில ஊறவிட்டு, உள்ளுக்க மிஞ்சினது ஒளிருதோ எண்டு பாக்கோணும்.

மைக்ரோஸ்கோப்புக்குச் சாம்பிளைப் பார்சலில அனுப்பிப் படம் எடுப்பிக்கலாம். இந்தச் சந்தேகம் பிடிக்கிற பழக்கத்தைத்தான் அங்க நிண்டு பழகோணும்.

இன்னொண்டு, கட்மியம் நஞ்சு, அது தொட்ட கழிவை அங்க எப்பிடிச் சேத்து வைக்கினம் எண்டு வடிவாப் பாத்து எழுதிக்கொண்டு வாரும். எங்கட பக்கம் குடிக்கிறது கிணத்துத் தண்ணி.