வண்டி கேள்வி பதில்: செயினை இறுக்கிக்கொண்டே போகலாமா?

கேள்வி: அண்ணா, பைக்கில் தினமும் 40 கிலோமீட்டர் போய் வருகிறேன். செயின் சத்தம் போட்டால் நானே ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடுவேன். இரண்டு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் மறுபடியும் அதே சத்தம். இப்போது வண்டியைத் தள்ளும்போதே நடுநடுவே கனக்கிறது. வேறு கம்பெனி செயின் மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். தள்ளும்போது நடுநடுவே கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சில கண்ணிகள் அதிகம் நீண்டுவிடும், சில கண்ணிகள் துருப்பிடித்து மடங்காமல் விறைத்து நிற்கும். லூஸாகத் தெரிந்த இடத்தைப் பார்த்து நீங்கள் இறுக்கியிருக்கிறீர்கள், சக்கரம் சுற்றி டைட்டான இடம் வரும்போது அது இழுத்துப் பிடிக்கிறது.

செயினில் தொய்வு எதற்கு என்று தெரிந்துகொண்டால் ஸ்பேனரை எடுக்கும் கை தானாகவே யோசிக்கும். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது பின்சக்கரம் மேலே ஏறி இறங்குகிறது. அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் திரும்புகிற இடமும் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டியிருக்கும் பல் சக்கரம்) இருக்கிற இடமும் ஒன்றல்ல என்பதால், சக்கரம் ஏறும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தூரத்துக்காகத்தான் செயினில் தொய்வு விடுகிறார்கள். நீங்கள் அதையும் சேர்த்து இறுக்கிவிட்டால், இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினாலே போதும், செயின் கம்பி மாதிரி விறைத்து, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டையும் அதன் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். தேய்ந்த செயினைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. அந்த பேரிங்கை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி எங்கே மிக டைட்டாக இருக்கிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேதான் அளக்க வேண்டும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், பெரும்பாலான சின்ன பைக்குகளில் மொத்தம் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவும், அதைச் சென்டர் ஸ்டாண்டில் பார்ப்பதா சைடு ஸ்டாண்டில் பார்ப்பதா என்பதும் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். டைட்டான இடத்தில் அளவு சரியாக இருந்தும் இன்னோர் இடத்தில் செயின் தொங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. அப்படி மாற்றும்போது முன் பின் ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்த பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

சத்தத்துக்கு வருவோம். பாதி நேரம் சத்தம் வருவது லூஸாக இருப்பதால் அல்ல, காய்ந்துபோனதால். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் அன்றே, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, 90 கிரேடு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ போடுங்கள். செயினின் உள்பக்கமாக விடுங்கள், சுற்றும்போது எண்ணெய் தானே வெளிப்பக்கம் நகரும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் ஊறியிருக்கும், சக்கரத்தில் தெறிக்காது. பெட்ரோல் மட்டும் வேண்டாம், ஓ-ரிங் வைத்த செயினில் அந்த ரப்பரைக் கெடுத்து உள்ளே இருக்கும் கிரீஸை வெளியேற்றிவிடும். இன்னொன்றை மன்றாடியே கேட்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும், கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

பின்னால் டிரம் பிரேக் என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னுக்குப் போகிறது, அதோடு பிரேக் ராடும் இழுபடுகிறது. பெடலில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் குறைந்து, பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடும். வண்டி கனப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டியதும் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிரேக் அதிகம் பிடிக்காமலே அனல் அடித்தால் இதுதான்.

கேள்வி: என் ஸ்கூட்டரை எப்போதாவதுதான் எடுப்பேன். பேட்டரி இறங்கக் கூடாது என்று தினமும் காலையில் 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைக்கிறேன். அப்படியும் பேட்டரி படுத்துவிட்டது. என்ன தப்பு செய்தேன், ஐயா?

பதில்: அக்கறையோடுதான் செய்திருக்கிறீர்கள் அம்மா, ஆனால் அந்த 5 நிமிடம்தான் பேட்டரியைத் தின்றிருக்கும். செல்ஃப் போடுகிற ஓரிரு விநாடியில் பேட்டரி மிக அதிகமான கரண்ட்டைக் கொடுக்கிறது. ஐடிலிங்கில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது திரும்பி வருகிற சார்ஜ் மிகக் குறைவு, அதிலும் ஹெட்லைட் தானாக எரிகிற வண்டி என்றால் அது வேறு எடுத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் எடுத்து அதைவிடக் குறைவாகத் திருப்பிக் கொடுத்தால் ஒரு நாள் தீரத்தானே செய்யும்?

பாதிப்பு பேட்டரியோடு நிற்பதில்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும், 5 நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கி ஆயிலிலும் சைலன்ஸரிலும் சேரும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெளிர் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் அந்த ஈரம்தான்.

தினமும் ஸ்டார்ட் செய்வதற்குப் பதில் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் டயருக்கும் அதுவே போதும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கை நிரப்பி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

புது பேட்டரி வாங்குவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜிங்கில், அதைச் சரி செய்யாமல் எத்தனை பேட்டரி போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: காருக்கு வாங்கிய நல்ல சிந்தெடிக் ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா? பைக் ஆயில் ஆயிரம் கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுகிறது, தரமில்லை போல.

பதில்: ஊற்றாதீர்கள். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கும். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, ஆனால் பைக்கின் கிளட்ச் உராய்வால்தான் பிடிக்கிறது. எனக்கே ஒரு முறை சர்வீஸ் விட்ட இடத்தில் கையில் கிடைத்த கார் ஆயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது, பின்னால் லாரி வருகிறது. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஈரக் கிளட்ச் வண்டிக்கு அதுதான் அடையாளம். எம்பி என்பது ஸ்கூட்டர் மாதிரி கிளட்ச் ஆயிலில் மூழ்காத வண்டிகளுக்கு.

ஆயில் கறுப்பதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. உள்ளே படிகிற கரியைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, அதைச் செய்வதால்தான் கறுக்கிறது. நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2, 3 நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகிவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். மேல் கோட்டுக்கு மேலேயும் ஊற்றக் கூடாது. நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைத்து ஊற்றுகிற ஆயில் கடைசியில் ஏர் ஃபில்டரில் போய் நிற்கும்.

கேள்வி: வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: நேர்மாறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது, அதனால்தான் சூடாகிறது. கையேட்டில் சொன்ன அளவை, வண்டியை எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஓடியபின் அளந்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துத் திறந்துவிடாதீர்கள். அப்படியே டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாட்டர் வாஷ் செய்தபின் முதல் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். ஷூவும் டிரம்மும் நனைந்திருந்தால் பிடிப்பு குறையும். ரோட்டுக்கு வருவதற்கு முன், ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடியே இரண்டு பிரேக்கையும் லேசாக நாலைந்து முறை பிடித்து விடுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்தபிறகும் பிடிக்கவில்லை என்றால் அன்றே பிரேக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வாஷ் செய்பவரிடம் வீல் பேரிங், ஸ்விட்சுகள், சைலன்ஸர் வாய் மூன்றிலும் பிரஷர் தண்ணீரை அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் என்றால் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும், அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு.