அமெரிக்காவில் அடிமை முறை ஏற்கெனவே இருந்ததே, புதிய பிரதேசங்களுக்காக ஏன் அவ்வளவு சண்டை?

நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்தான் முக்கியக் காரணம். புதிய பிரதேசங்கள் பின்னால் மாநிலங்களாகும், செனட்டில் இடமும் பெறும். சிறிய மாநிலமோ பெரியதோ, அங்கே ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். 1819இல் அடிமை மாநிலங்கள் 11, மற்றவை 11. மக்கள்தொகை கூடக்கூடக் கீழவையில் வடக்கின் கை ஓங்கியது. செனட்டும் போனால் பிடியே போய்விடும் என்று தெற்கின் பண்ணை முதலாளிகள் பயந்தார்கள். 1820இல் மிசௌரி அடிமை மாநிலம், மெயின் சுதந்திர மாநிலம் (அதாவது அடிமை முறை இல்லாதது), மிசௌரியைத் தவிர, பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36°30' அட்சக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று ஒரு சமரசம் செய்துகொண்டார்கள்.

1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த எல்லைக்கோட்டுத் தடையை நீக்கிவிட்டது. குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார் அவர். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கும். ஆனால் யாரை அடிமையாக்குவது என்று பேசினார்களோ, அந்தக் கறுப்பின மக்களுக்கு வாக்கே கிடையாது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வாக்குப்பதிவும் ஒழுங்காக நடக்கவில்லை. 1855 மார்ச்சில் கான்சஸில் தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகளோ ஆறாயிரத்துக்கு மேல்! மிசௌரிக்காரர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்படி அமைந்த சட்டமன்றம், அங்கே அடிமை வைத்திருக்க உரிமையில்லை என்று சொல்வதையே குற்றமாக்கியது.

அப்புறம் ரத்தம்தான். 1856 மே மாதம், கான்சஸில் அடிமை முறையை எதிர்த்தவர்களின் ஊரான லாரன்ஸ் சூறையாடப்பட்டது. மறுநாள் செனட் அவைக்குள்ளேயே அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, தெற்கின் கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். அடுத்த சில நாளில் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் கான்சஸில் எதிர்த்தரப்பினர் ஐந்து பேரைக் கொன்றார்கள். தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரியத் தொடங்கி, அவற்றின் செனட்டர்கள் பலர் வெளியேறிய பிறகு, 1861 ஜனவரியில்தான் கான்சஸ் சுதந்திர மாநிலமானது.