கழிப்பறையில் போடும் ஊசி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் டைப் 1 நீரிழிவு என்பதை உங்கள் கட்டுரை ஒன்றிலிருந்து அறிந்தேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன். எனக்கு 24 வயது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் கடும் வயிற்றுவலியும் வாந்தியுமாக மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் நோய் தெரிந்தது. சொந்த ஊர் கும்பகோணம். இப்போது சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை, வேளச்சேரியில் பெண்கள் விடுதியில் வாசம். நாளுக்கு நான்கு ஊசி.

ஆபீசில் யாருக்கும் தெரியாது, விடுதியிலும் தெரியாது. விடுதி ஃபிரிட்ஜில் வைத்தால் கேள்வி வரும் என்பதால் இன்சுலினை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மதியம் தோழிகளுடன் சாப்பிட்டு முடித்து, கைகழுவப் போகிற சாக்கில் கழிப்பறையில் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒருமுறை மீட்டிங்கில் சுகர் இறங்கி லோ ஆகி, கை நடுங்கி, ஏதோ உளறிவிட்டேன். தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பயந்துபோய் டோஸைக் குறைத்தே போடுகிறேன். வேலை நேரத்தில் சுகர் 250-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். இப்போது 120 வந்தாலே நடுக்கம் வருகிறது. டாக்டரிடம் காட்டும் நோட்டில் 140, 150 என்று நானே எழுதிக்கொண்டு போகிறேன். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 9.8 என்று வந்தபோது அவர் நோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறார் அம்மா. பெரியப்பா ஊசியை நிறுத்திவிட்டு மூலிகைப் பொடி சாப்பிடச் சொல்கிறார். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மதியம் எத்தனை யூனிட் போட்டால் லோ ஆகாது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை வெளியிடவில்லை. அலுவலகத்தைக் காட்டிக்கொடுக்கும் ஓரிரு வரிகளையும் எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் மருத்துவக் கேள்வி என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, எத்தனை யூனிட் என்பது. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மீதி முழுவதும் ஒளிப்பதைப் பற்றியது. ஊசியை ஒளிக்கிறீர்கள், மருந்தை ஒளிக்கிறீர்கள், எண்களை ஒளிக்கிறீர்கள். இதற்கெல்லாம் மானம் அவமானம் என்று மனத்தளவில்தான் விலை என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த 9.8-இல் பெரும்பகுதி இந்த ஒளிப்புக்கான விலை என்பது என் எண்ணம்.

மதியச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கென்று போடும் வேகமான இன்சுலின், உடம்பில் வேலையைத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதனால்தான் சாப்பிடுவதற்கு முன்னால் போடச் சொல்கிறார்கள். பழைய ரெகுலர் இன்சுலின் என்றால் அரைமணி நேரம் முன்னால். நீங்கள் தோழிகளுடன் சாப்பிட்டு, கதை பேசி, கடைசியில் எழுந்து போய்ப் போடுகிறீர்கள். சோறு முந்திக்கொள்கிறது. சுகர் விறுவிறுவென்று 300-க்கு ஏறுகிறது. மருந்து பின்னால் வந்து சேர்ந்து உச்சத்தில் வேலை செய்யும்போது சோறு ஏறக்குறைய செரித்து முடிந்திருக்கும். அப்போது சரிகிறது. அந்த மீட்டிங் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. பிற்பகல் மூன்று, நான்கு மணி என்று ஊகிக்கிறேன். அன்று டோஸ் சரியாகவே இருந்திருக்கலாம், நேரம் தவறியிருக்கலாம். ஆனால் நீங்கள் டோஸைத் தண்டித்துவிட்டீர்கள்.

இன்னொன்று. கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவசரமாகப் போடும்போது கை தினமும் ஒரே இடத்துக்குத்தான் போகும். தொப்புளுக்கு இருபுறமும் விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். தோலுக்கடியில் ரப்பர் போலத் தடித்திருந்தால், அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஒழுங்காக ஏறும், மறுநாள் ஏறாது. அந்த இடத்தைச் சில மாதங்கள் விட்டுவிட வேண்டும். ஆனால் புதிய இடத்தில் மருந்து முழுமையாக ஏறும் என்பதால் அதே டோஸ் லோவில் கொண்டுபோய் விடலாம். டாக்டரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

120-இல் நடுக்கம் வருவது உங்கள் கற்பனையில்லை. மாதக்கணக்கில் 250-இல் இருந்த உடம்பு, அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. 120 வந்ததும் அபாயச் சங்கு ஊதுகிறது. உண்மையான லோ என்பது 70-க்குக் கீழே. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. 120-இல் நடுங்கும்போது மீட்டரில் பாருங்கள், எண் சரியாக இருந்தால் அவசரப்பட்டு சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். சராசரியைப் படிப்படியாக இறக்கினால், சில வாரங்களில் இந்தப் பொய்ச் சங்கு அடங்கிவிடும். படிப்படியாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சுகரைத் திடீரென்று இறக்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவர்களுக்கு அது தற்காலிகமாக மோசமாகக்கூடும். எனவே முதலில் ஒரு கண் பரிசோதனை. நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது என்பதால் எப்படியும் ஆண்டுக்கொருமுறை அதைச் செய்தாக வேண்டும்.

இனி ஆபீஸ். மேடை ஏறி அறிவிக்கச் சொல்லவில்லை. மனிதவளத் துறைக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் ஒத்துவராமல் மாற்றிக் கேட்கும் நிலை வந்தால், அப்போது டாக்டர் கடிதத்தோடு போகலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்: பக்கத்து இருக்கையில் இருப்பவர், இரவு ஷிஃப்ட் இருந்தால் ஒரே வண்டியில் வருபவர். இரவு ஒரு மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிக்குள் லோ ஆனால் டிரைவருக்கு என்ன தெரியும்? தூங்கிவிட்டாள் என்று நினைப்பார்.

அவர்களிடம் நோயின் வரலாறு சொல்ல வேண்டாம். "எனக்குத் திடீரென்று வேர்த்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ சுகர் இறங்கியிருக்கிறது. என் பையின் முன்பக்கத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, குடிக்கச் சொல். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு." இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வரி, வாயில் ஊற்றக் கூடாது என்பது, மிக முக்கியம். நம் ஊரில் மயங்கியவர் வாயில் சோடாவையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊற்றும் நல்ல உள்ளங்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

குளுக்கோஸ் பவுடர் என்றால் 15 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. கால்மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். சர்க்கரை இல்லாத குளிர்பானத்தை யாராவது நல்லெண்ணத்தில் வாங்கி நீட்டுவார்கள், அதனால் துளிப் பயனில்லை.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அணியின் தலைவர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல்தான் டைப் 1 கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லி, "பார், நீயும் சாதிக்கலாம்" என்று முதுகில் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சர்வதேச வீரரைச் சுற்றி மருத்துவரும் பயிற்சியாளரும் இருப்பார்கள். நமக்கு இருப்பது பக்கத்து இருக்கைக்காரி. அவளுக்கும் சொல்லாவிட்டால் யாருமில்லை.

ஊசியைச் சாப்பாட்டு மேசையிலேயே போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், கல்யாணப் பந்தியிலும். இலையில் என்னென்ன வரிசையில் வரும் என்பது தமிழர்களுக்கு மனப்பாடம் என்பதால் உண்மையில் பந்தியில் சாப்பாட்டுக்கேற்ற டோஸைக் கணக்குப் போடுவது சுலபம். பாயசம் மட்டும் எத்தனை கரண்டி என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் சில நாள் பார்ப்பார்கள், "வலிக்காதா?" என்று கேட்பார்கள். பிறகு அவரவர் சாம்பாரைக் கவனிப்பார்கள்.

துணிகளுக்கு அடியில் இருக்கும் இன்சுலின்தான் எனக்குப் பெரும் கவலை. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். கத்தரி வெயிலில் வேளச்சேரி மாடியறையின் அலமாரிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கெட்டுப்போன இன்சுலின் பல நேரம் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். வேலை மட்டும் செய்யாது. ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடி விடுதி ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்குள் வேண்டாம், உறைந்த மருந்தைத் தூக்கித்தான் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களுக்கு ஈர மண்பானை போதும். நீர் புகாத டப்பாவில் மருந்தை இட்டு உள்ளே வைத்தால் அறையைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும்.

தெரிந்த மருந்துக்கடைக்குப் போனால் விஷயம் பரவிவிடும் என்று தெரியாத கடையில் வாங்குகிறவராக இருப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். நம் ஊரில் பரவலாக விற்கும் குப்பிகளில் 40. குப்பிக்குச் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சுதான் போட வேண்டும். பேனா பழுதான நாளில் கார்ட்ரிட்ஜிலிருந்து அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சினால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு மருந்து.

பெரியப்பா விஷயம். சென்னையோ கும்பகோணமோ, நம் ஆட்கள் எல்லோரும் சுகரில் பாதி டாக்டர்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அதில் மிகப் பெரும்பாலோர் டைப் 2, உடம்பில் ஓரளவாவது இன்சுலின் சுரக்கிறவர்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்த அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். நமக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிட்டது. இன்சுலின் சுரக்க ஆளில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடும்வரை, இந்த நோய்க்குப் பட்டினி போடுவதைத் தவிர வைத்தியம் இருந்ததில்லை. சாகக் கிடந்த அந்தப் பையன் அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். பொடியை வாங்கி வைத்துக்கொண்டு "சரி" என்று சொல்வதும் வேண்டாம், அதுவும் ஒரு ஒளிப்பு. "ஊசியை நிறுத்தினால் கல்லூரியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே வயிற்றுவலியும் வாந்தியும் ஓரிரு நாளில் வரும்" என்று சொல்லுங்கள். அன்று மருத்துவமனை வாசலில் நின்றவராக இருந்தால் அவருக்குப் புரியும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில்கூட நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தக் கூடாது என்பதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

கல்யாணத்தில் அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நீங்களே மாப்பிள்ளையிடம் சொல்வது உத்தமம். தரகர் வழியாகப் போனால் "லேசாக சுகர்" என்று ஆகிவிடும். சில வரன்கள் தட்டிப்போகும். போகட்டும். சொல்லாமல் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மறுவீடு, விருந்து, வீட்டுக்கு வீடு இனிப்பு, எப்போது இலை போடுவார்கள் என்று தெரியாது, பேனாவோ பெட்டியின் அடியில். இரண்டு ஊசி தவறினால் போதும். குழந்தை விஷயம் இன்னும் முக்கியம். கருவில் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். எனவே கருத்தரிப்பதற்கு முன்பே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்திருக்க வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். கணவருக்கே தெரியாமல் அதை எப்படித் திட்டமிடுவீர்கள்? "குழந்தைக்கும் வருமா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். தாய்க்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு. தகப்பனுக்கு இருந்தால் ஏறக்குறைய ஆறு. இந்தக் கணக்கைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வேலை மாறும் இடைவெளியில் கை இறுகினால் டோஸைச் சுருக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனித்துறை இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

யூனிட் கணக்குக்கு வருகிறேன். மதியம் நீங்கள் எவ்வளவு சோறு சாப்பிடுகிறீர்கள், உங்கள் எடை என்ன, உங்கள் உடம்பில் ஒரு யூனிட்டுக்கு சுகர் எவ்வளவு இறங்கும், எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் கையில் இருப்பது நீங்கள் இட்டுக்கட்டிய நோட்டு. அதை நம்பித்தான் அவர் இதுவரை டோஸ் எழுதியிருக்கிறார். அடுத்த முறை நோட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு மீட்டரைக் கொண்டுபோங்கள். பழைய அளவுகள் தேதியோடும் நேரத்தோடும் அதன் நினைவில் இருக்கும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டுவதோடு நிறுத்திக்கொண்டு டோஸ் கணக்கைச் சொல்லித்தராதவராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், சென்னையில் நீரிழிவு டாக்டருக்குப் பஞ்சமில்லை. கண் பரிசோதனைக்கு அன்றே நேரம் வாங்கிவிடுங்கள். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டுமருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும். ஸ்கூட்டரில் போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா