பழைய ஃபங்ஷனை டெப்ரிகேட் செய்வது எப்படி, எப்போது நீக்குவது?

கேள்வி: எங்கள் குழு பராமரிக்கும் பைத்தான் லைப்ரரி ஒன்றை நிறுவனத்தின் வேறு நான்கு குழுக்கள் பயன்படுத்துகின்றன. அதில் வாடிக்கையாளர் விவரத்தைத் தேடித் தரும் பழைய ஃபங்ஷனுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை எழுதிவிட்டோம். பழையதை அடுத்த ரிலீஸிலேயே நீக்கிவிடலாம் என்கிறார் ஒருவர். டெப்ரிகேட்டட் (‘இருக்கிறது, ஆனால் இனிப் பயன்படுத்த வேண்டாம்’) என்று குறித்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? குறித்த பிறகு எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? பழைய நிரலை ஓடாத கமெண்ட் வரிகளாக ஆக்கி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு இல்லையா?

பதில்: இரண்டு யோசனைகளுமே அரைகுறையானவை. உடனே நீக்கினால் நான்கு குழுக்களின் வேலையும் ஒரே நாளில் நின்றுபோகும்; அதன் பிறகு உங்கள் லைப்ரரியின் எந்தப் புதிய பதிப்பையும் அவர்கள் தயங்கித் தயங்கியே எடுத்துக்கொள்வார்கள். குறித்துவிட்டு விட்டுவிடுவது இதைவிடப் பாதுகாப்பானதாகத் தெரிந்தாலும் அதன் விளைவு மெதுவாக வரும், அவ்வளவுதான். ஜாவாவில் ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்று எண்களைக் கொடுத்து ‘டேட்’ ஆப்ஜெக்டை உருவாக்கும் வழி 1997இல் வெளிவந்த 1.1 பதிப்பிலேயே டெப்ரிகேட் செய்யப்பட்டது. ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்துக் கொடுக்க வேண்டிய அந்த வழி இன்றும் அதே லைப்ரரியில் இருக்கிறது. ஜாவாவிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் இழையை நிறுத்தும் ‘திரெட் ஸ்டாப்’ 1998இல் குறிக்கப்பட்டு, 2023இல் வெளிவந்த ஜேடிகே 20 (ஜாவா 20) பதிப்பில்தான் செயலிழக்கச் செய்யப்பட்டது. ஒரு குறி இத்தனை ஆண்டுகள் எந்த விளைவும் இல்லாமல் நின்றால், டெப்ரிகேட்டட் என்பதை ‘பரவாயில்லை, பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்றே எல்லோரும் படிக்கப் பழகிவிடுவார்கள். ‘வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம்’ என்பதையும் ‘நிச்சயம் நீக்கப்போகிறோம்’ என்பதையும் பிரித்துச் சொல்ல, 2017இல் வந்த ஜாவா 9 ‘ஃபார் ரிமூவல்’ என்ற தனிக்குறியையே சேர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே, குறிப்பதை ஒரு வேலையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையின் பெரும்பகுதி, அழைக்கும் குழுக்களுடையது அல்ல. குறியை வைக்கும் உங்களுடையது.

முதலில், புதிய ஃபங்ஷன் உண்மையிலேயே பழையதன் இடத்தை நிரப்புகிறதா என்று பாருங்கள். உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பழையது ‘கெட்_கஸ்டமர்’, புதியது ‘ஃபைண்ட்_கஸ்டமர்’ என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் இல்லாதபோது பழையது ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தந்து, புதியது எக்ஸெப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை) எழுப்பினால், பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட குழுவின் நிரல் எல்லா டெஸ்ட்டிலும் தேறிவிட்டு, இல்லாத எண் ஒன்று வரும் நாளில் நடுவழியில் நிற்கும். இத்தகைய வேறுபாடுகளை எல்லாம் பட்டியலிட்டு, பழைய ஃபங்ஷனின் உள்ளே புதியதையே அழைத்து, அது எழுப்பும் எக்ஸெப்ஷனைப் பிடித்து ‘நன்’ ஆக மாற்றித் தரும்படி எழுதிவிடுங்கள். இதனால் தேடும் தர்க்கம் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். பிழை ஒன்றைத் திருத்தினால் இரண்டிலும் திருந்தும். மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் அந்தச் சில வரிகளைப் படித்தாலே விளங்கும். அதோடு, உங்கள் லைப்ரரியே உள்ளுக்குள் பழையதை அழைக்கும் இடங்களை முதலில் மாற்றிவிடுங்கள். அவை இருக்கும்வரை, மாற்றுவதற்கு எதுவுமே இல்லாத பயனர்களுக்கும் எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கும்.

பிறகு குறி. பைத்தானில் ‘வார்னிங்ஸ்’ மாட்யூலின் ‘வார்ன்’ ஃபங்ஷனை ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ வகையுடன் அழைப்பது வழக்கம். அப்போது ‘ஸ்டாக் லெவல்’ என்ற அளவுருவை 2 என்று கொடுக்க மறக்காதீர்கள். அதைக் கொடுக்காவிட்டால் எச்சரிக்கையில் உங்கள் லைப்ரரியின் வரி எண்தான் வரும். அதைப் பார்ப்பவர் ‘இது நம் நிரலில் இல்லையே’ என்று கடந்துபோவார். 2 என்று கொடுத்தால், பழையதை அழைத்த அவருடைய கோப்பும் வரியும் வரும். 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13இலிருந்து இதே மாட்யூலில் ‘டெப்ரிகேட்டட்’ என்ற டெக்கரேட்டரும் இருக்கிறது. ஃபங்ஷனின் தலையில் அதை வைத்தால், ஓடும்போது எச்சரிக்கை வருவதோடு, டைப் செக்கர்களும் (நிரலைப் படித்தே பிழை தேடும் கருவிகள்) ஓட்டுவதற்கு முன்பே சுட்டிக்காட்டும். எடிட்டர்கள் பெயரின் குறுக்கே கோடு போட்டுக் காட்டும்.

எச்சரிக்கையின் வாசகத்துக்குச் சற்று நேரம் செலவிடுங்கள். ‘இது பழையது, பயன்படுத்த வேண்டாம்’ என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘கெட்_கஸ்டமர் 4.2 பதிப்பில் டெப்ரிகேட் செய்யப்பட்டது, 5.0இல் நீக்கப்படும். ஃபைண்ட்_கஸ்டமரைப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் இல்லாவிட்டால் அது எக்ஸெப்ஷன் எழுப்பும்’ என்று எழுதினால், படிப்பவர் வேறெங்கும் தேடாமல் அங்கேயே மாற்றிவிடலாம். எப்போதிலிருந்து, எதற்குப் பதிலாக எது, எப்போது போகும், நடத்தையில் என்ன மாறும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. ஏன் மாற்றினீர்கள் என்ற காரணத்தை டாக்ஸ்ட்ரிங்கிலும் (ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கம்) ரிலீஸ் குறிப்பிலும் விரிவாக எழுதலாம்.

மற்ற மொழிகளிலும் இதற்கான வசதிகள் உண்டு. சி ஷார்ப்பில் ‘அப்ஸலீட்’ என்ற குறியை எச்சரிக்கையாகவும் வைக்கலாம், கம்பைல் பிழையாகவும் மாற்றலாம். கோட்லின், மாற்று வரியையே குறிக்குள் எழுத விடுவதால் எடிட்டரே அதை மாற்றித் தந்துவிடும். எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பயனுள்ள ஏற்பாடு இதுதான். கோ மொழியில் ‘டெப்ரிகேட்டட்’ என்று தொடங்கும் ஒரு கமெண்ட் பத்தியே குறியாகிவிடுகிறது.

குறி வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பைத்தான் இந்த வகை எச்சரிக்கையை இயல்பாகவே மறைத்துவிடும். நேரடியாக ஓட்டப்படும் மெயின் கோப்பில் எழுந்தால் மட்டும் காட்டும். டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவி காட்டும் என்றாலும், டெஸ்ட் எழுதாத பகுதியிலிருந்து எதுவும் வராது. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு: எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாகக் கருதும்படி ஒரு குழு தன் டெஸ்ட்டுகளை அமைத்திருந்தால், நீங்கள் குறி வைத்த அன்றே அவர்களுடைய பில்ட் நின்றுபோகும். எனவே, குறியுடன் கூடிய பதிப்பை வெளியிடும் முன் நான்கு குழுக்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள அழைப்புகளைப் பொறுத்துக்கொண்டு, புதிதாக ஓர் அழைப்பு சேர்ந்தால் மட்டும் தடுக்கும்படி அவர்களுடைய சிஐயை (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பை) அமைத்துத் தருவது இன்னும் நல்லது. எண்ணிக்கை ஏறாமல் இருப்பதே பாதி வெற்றி.

அடுத்து, அழைக்கும் இடங்களைத் தேடுங்கள். எல்லாக் குழுக்களின் ரெப்போவிலும் (நிரல் சேமிப்பகத்திலும்) பெயரைத் தேடினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். கிடைத்தவற்றை நீங்களே மாற்றி, அந்தந்தக் குழுவுக்குப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம்) அனுப்புங்கள். புதிய ஃபங்ஷனை நன்கு அறிந்த ஒருவருக்குச் சில நிமிடங்கள் ஆகும் வேலை, அதை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அரைநாள் ஆகும். அவர் அதைத் தள்ளிப்போடுவதில் வியப்பில்லை. ஆனால் ஓடும்போது எழுத்துகளை ஒட்டிப் பெயரை உருவாக்கி அழைக்கும் நிரலும், கன்ஃபிக் கோப்பில் பெயர் எழுதி வைக்கப்பட்ட வேலைகளும் தேடலில் அகப்படாது. இவற்றுக்காகப் பழைய ஃபங்ஷனுக்குள் ஒரு லாக் வரி வைத்து, எந்தச் சேவையிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைப் பதிவுசெய்யுங்கள். மாதக் கடைசியிலும் ஆண்டு முடிவிலும் மட்டும் ஓடும் கணக்கு வேலைகள் இருப்பதால், இரண்டு வாரம் அழைப்பே வரவில்லை என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கால அளவு என்ன என்ற உங்கள் கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. அழைப்பவர்களை நீங்கள் அறிவீர்களா என்பதைப் பொறுத்தது. பைத்தான் தன் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ மாட்யூலை 2021இல் 3.10 பதிப்பில் குறித்து, 2023இல் 3.12இல் நீக்கியது, உலகெங்கும் முகமறியாப் பயனர்களைக் கொண்ட திட்டத்துக்கு அது பொருத்தம். நான்கே குழுக்கள், எல்லோரும் ஒரே நிறுவனம் என்னும்போது இரண்டு ரிலீஸ்களும் ஒரு முழுக் காலாண்டும் போதுமென்பது என் கருத்து. ஆண்டு முடிவு வேலை உண்டென்றால் அதைத் தாண்டிய தேதியாக வையுங்கள். செமான்டிக் வெர்ஷனிங் முறையைப் பின்பற்றினால், குறிப்பது மைனர் பதிப்பில் (4.2 போல), நீக்குவது மேஜர் பதிப்பில் (5.0 போல) என்று கொள்ளுங்கள். அறிவித்த தேதியைத் தக்க காரணமின்றித் தள்ளிவைக்காதீர்கள். ஒருமுறை தள்ளிவைத்தால், அடுத்த அறிவிப்பையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தேதிக்கு முன் ஓர் ஒத்திகை நடத்தலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) செயல்பாடுகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தும் முன், குறிப்பிட்ட சில மணி நேரங்களுக்கு மட்டும் அதைத் தற்காலிகமாக நிறுத்திக் காட்டியது. அறிவிப்பைப் படிக்காதவர்களும் அப்போது விழித்துக்கொள்ள முடிந்தது. நீங்களும் டெஸ்ட் சூழலில் ஒரு நாள் பழைய ஃபங்ஷனைப் பிழை எழுப்பும்படி மாற்றிப் பாருங்கள். லாக்கில் தென்படாத அழைப்புகள் சில அப்போது வெளிப்படலாம்.

நீக்கும்போது ஃபங்ஷனோடு அதன் டெஸ்ட்டுகள், ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள், அதற்காக மட்டுமே இருந்த துணை ஃபங்ஷன்கள் ஆகியவற்றையும் சேர்த்து நீக்குங்கள். கமெண்ட் ஆக்கி வைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கமெண்ட்டில் கிடக்கும் நிரலைக் கம்பைலரும் பார்ப்பதில்லை, டெஸ்ட்டும் தொடுவதில்லை. சுற்றியுள்ளவை மாறிக்கொண்டே போவதால், சில மாதங்கள் கழித்துத் திறந்தால் அது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய வடிவம் முழுமையாகவும், அன்று அதைச் சுற்றியிருந்த நிரலோடும் கிட் வரலாற்றில் இருக்கிறது. நீக்கும் கமிட்டின் (மாற்றப் பதிவின்) செய்தியில் ‘கெட்_கஸ்டமர்’ என்ற பெயரைத் தவறாமல் எழுதிவிட்டால், பின்னாளில் தேடுபவருக்கு ஒரே தேடலில் கிடைத்துவிடும்.