தீ மிதிக்கும் கால்கள் பல் மருத்துவமனை வாசலில் நடுங்குவது ஏன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. சிறுமியாக இருந்தபோது, கன்னம் வீங்கிய நிலையில் என்னை அழைத்துச் சென்று, ஊசி போட்டும் மரத்துப்போகாத கடைவாய்ப்பல்லை இருவர் பிடித்துக்கொள்ளப் பிடுங்கினார்கள். அதன்பின் பல் மருத்துவரிடம் நான் போனதே இல்லை. இப்போது கீழ்வரிசையில் ஒரு பல் சொத்தையாகி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் விரதமிருந்து அஞ்சாமல் தீ மிதிக்கிறேன். ஆனால் அந்த மருந்து வாசனை வந்தாலே கால் நடுங்கித் திரும்பிவிடுகிறேன். குன்யா (வெற்றிலை பாக்கு) போட்டுக் கறையேறிய பற்களைக் காட்டவும் வெட்கமாக இருக்கிறது. இதிலிருந்து மீள வழி உண்டா?
– ஒரு வாசகி, மோல்மீன், மியான்மர்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. தீக்குழியில் இறங்கும் நாளை நீங்களே நேர்ந்துகொள்கிறீர்கள். விரதமிருந்து மனத்தைத் தயார் செய்கிறீர்கள். எத்தனை அடி எடுத்துவைக்க வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னே தெரிகிறது. பல் நாற்காலியிலோ மல்லாந்து சாய்ந்து, வாயைத் திறந்தபடி, பேசவும் முடியாமல், என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாமல் கிடக்க வேண்டியிருக்கிறது. வலியைவிட இந்தக் கையறு நிலைக்குத்தான் பலர் அஞ்சுகிறார்கள். சிறு வயதில் உங்களைப் பிடித்து அழுத்தியவர்கள் அந்த அச்சத்தை ஆழமாக ஊன்றிவிட்டார்கள். அது உங்கள் கோழைத்தனம் அல்ல.

அன்று ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை மிகுந்துவிடும். அத்தகைய சூழலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தின் பெரும்பகுதி நரம்பின் உறையைக் கடக்க இயலாத வடிவத்திலேயே தங்கிவிடுவதால், போட்ட ஊசி அரைகுறையாகத்தான் வேலை செய்யும். உங்களுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பயத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் தாங்க முடியாத வலி வந்த பிறகு ஓடுகிறார்கள். ஊசி சரியாகக் கேட்காத அந்த நேரத்தில் சிகிச்சை நடப்பதால் அவர்கள் அஞ்சியதே நடந்து, பயம் இன்னும் வேரூன்றிவிடுகிறது. உங்கள் பல் இப்போது கூசுகிறதே தவிர, வீங்கவில்லை. குளிர் பட்டதும் கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது என்றால், உள்நரம்பு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். சொத்தையைச் சுத்தம் செய்து அடைப்பதோடு முடிந்துவிடக்கூடும். இரவில் தானாக விண்விண் என்று தெறிக்கத் தொடங்கினால் வேர்ச் சிகிச்சையோ பிடுங்குவதோ தேவைப்படலாம். ஆகவே போவதற்கு ஏற்ற காலம் இதுதான்.

பயத்தையும் கூறுபோட்டுப் பாருங்கள். நார்மன் கோரா என்பவர் 1969-ல் இதற்கென 4 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1995-ல் ஊசியைப் பற்றிய கேள்வியும் சேர்க்கப்பட்டு அது 5 கேள்விகளாயிற்று. நாளை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு, காத்திருப்பு அறை, பல்லைக் குடையும் கருவி, பற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தல், ஈறில் ஊசி ஆகிய ஐந்தில் எது உங்களை அதிகம் கலக்குகிறது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

முதல் நாள் பரிசோதனைக்கு மட்டும் வருவதாகச் சொல்லுங்கள். இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு உடன்பாடே பலருடைய நடுக்கத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவி இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசியில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனுடன் சிறிதளவு அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம் என்பதால், போட்டவுடன் நெஞ்சு படபடக்கலாம். அது மருந்தின் வேலை, சில நிமிடங்களில் தணிந்துவிடும். மரத்த பிறகும் அழுத்தம் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கறையைப் பற்றி வெட்கப்படாதீர்கள். குன்யாக் கறையை நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை கறையைப் பற்றியதன்று. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்துவிட்டது. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ ஆன திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறக்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பல்லை விட்டுவிட்டு அதற்காகவே உடனே போங்கள். எதுவும் இல்லையென்றாலும் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகன், "ஊசி போட்டுவிடுவார்கள்" என்று அழுது பல் மருத்துவரிடம் வர மறுக்கிறான். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அழைத்துப் போகலாமா?
– ஒரு தந்தை, யாங்கோன்

பதில்: வேண்டாம், ஐயா. சிறிது வலித்தாலும் அதன்பின் உங்கள் சொல்லை அவன் நம்ப மாட்டான். "உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்கள்" என்று உண்மையான, சிறிய செய்தியை மட்டும் சொல்லுங்கள். அடம் பிடித்தால் ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் யாராவது மிரட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். குழந்தைகளின் பயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எதைச் செய்யப்போகிறோம் என்று முதலில் சொல்லி, கருவியைக் காட்டி, பிறகே செய்யும் மருத்துவராகப் பார்த்து, வலி இல்லாத ஒரு நாளின் காலையில் அழைத்துச் செல்லுங்கள். நீங்களே அந்த நாற்காலிக்கு அஞ்சுகிறவராக இருந்தால், அஞ்சாத தாத்தாவோ சித்தியோ அவனுடன் போகட்டும்.