நெட்டுக்குத்தாக நின்ற ஏரியல்

அன்புள்ள ஐயா,
மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள சிறிய ரேடியோ மூலங்களில் தளவிளைவு (அலை ஒரே தளத்தில் அதிரும் அளவு, polarization) பெரும்பாலும் சில சதவீதம்தான் என்கிறார்கள். வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றில் அந்தச் சொற்பத்தை அளந்து என்ன தெரியப்போகிறது? ஊட்டியில் அளக்கலாமா?
— ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

செல்லூரில் எங்கள் மொட்டைமாடி டிவி ஏரியல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நிற்கும். கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்கும். ஓர் ஆடிக்காற்றில் கிளாம்ப் தளர்ந்து கம்பிகள் நெட்டுக்குத்தாகிவிட்டன. ஏரியல் அப்போதும் கொடைக்கானலைத்தான் பார்த்தது. ஆனால் டிவியில் ஒரே புள்ளி புள்ளி. மாமா மேலேறிக் கம்பிகளைப் படுக்க வைத்ததும் செய்தி வாசிப்பவர் முகம் தெளிந்தது. அலை எங்கிருந்து வருகிறது என்பது வேறு, எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது வேறு. அது எனக்குப் புரிந்த நாள் அது.

உங்கள் மூலம் புள்ளியாகவே இருக்கட்டும், அதன் அதிர்வுத் தளம் நம்மிடம் வந்துசேர்கிறது. ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றும்போது பிறக்கும் அலை அது. புலம் ஒரே சீராக இருந்தால் தளவிளைவு 70 சதவீதம் வரை போகும். கிடைப்பது 3 சதவீதம் என்றால், புலம் அங்கே சிக்குப் பிடித்துக் கிடக்க வேண்டும், அல்லது வழியிலுள்ள பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாலான வாயு) அலையின் தளத்தைக் கலைத்திருக்க வேண்டும். அந்தச் சொற்பம்தான் சேதியே!

எது காரணம் என்று பார்க்க, 1845இல் ஃபாரடே கண்ட விளைவு கைகொடுக்கும். காந்தப்புலம் உள்ள பிளாஸ்மாவுக்குள் அலையின் தளம் சுழலும், அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 3 செ.மீ. அலை 1 பாகை திரும்பினால் 6 செ.மீ. அலை 4 பாகை, 21 செ.மீ. அலை 49 பாகை. பல அலைநீளங்களில் அளந்தால் சுழற்சியைக் கழித்துப் பிறந்தபோதிருந்த கோணத்தை எடுத்துவிடலாம். கழித்த சுழற்சியும் வீணில்லை; வழியிலுள்ள எலக்ட்ரான்களையும் புலத்தையும் அது சொல்லும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கணக்கு இதுதான்.

சரி, ஊட்டி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து நிற்கும் அருமையான ரேடியோ தொலைநோக்கி. ஆனால் அதன் இருமுனைக் கம்பிகள் எல்லாம் வடக்கு தெற்காக ஒரே திசையில் இருக்கின்றன, எங்கள் ஏரியல் மாதிரி. ஒரு தளத்தைத்தான் பிடிக்கும். புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் 30 டிஷ்களும் இரு தளங்களையும் பிடிக்கும், ஆனால் அவற்றின் அலைகள் நீளமானவை. நீள அலையில் சுழற்சி மிகுதி என்பதால், சிறிய மூலங்களின் தளவிளைவு அங்கே பெரும்பாலும் கரைந்துவிடும்.

அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி எடுத்த பழைய அளவுகள் பொதுவில் கிடைக்கின்றன. 3சி 286 என்ற குவாசரில் (தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி) தொடங்குங்கள். சென்டிமீட்டர் அலைகளில் அதன் தளத்தின் கோணம் 33 பாகையை ஒட்டி நிற்கும். உங்கள் கணக்கு சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும்.