வீட்டிலேயே பைக் பராமரிப்பு: எந்தக் கருவி, எந்த கிளீனர்?

கேள்வி: 100 சிசி ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறேன். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் 46 பீஸ் சாக்கெட் செட் கிடைக்கிறது. அது போதுமா சார்? (தஞ்சாவூர் வாசகர்)

சைடு கவர், ஹெட்லைட் போன்ற சின்ன வேலைகளுக்குச் சரி. ஆனால் பெரும்பாலும் அதில் இருக்கும் பெரிய சாக்கெட் 14 மில்லிமீட்டர்தான். பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு 17, 19 என்று தேவைப்படும். சாக்கெட்டை மாட்டித் திருகும் அந்தக் குட்டி ராட்செட் கைப்பிடியும் அவ்வளவு அழுத்தம் தாங்காது.

என்னைக் கேட்டால், 8 முதல் 19 வரை ஒரு ரிங் ஸ்பேனர் செட்டில் முதல் காசைப் போடுங்கள். டாபாரியா மாதிரி பழகிய பெயராக இருந்தால் போதும். ரிங் ஸ்பேனர் நட்டின் ஆறு முனைகளையும் பிடிக்கும், வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். இறுகிப்போன நட்டில் அது வழுக்கி முனையை மழுக்கிவிடும். அப்புறம் 8, 10 டி ஸ்பேனர், உங்கள் ஸ்பார்க் பிளக்குக்குப் பொருந்தும் பிளக் ஸ்பேனர், ஆலன் கீ செட், டயர் பிரஷர் பார்க்க ஒரு கேஜ். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வாங்கவே வேண்டாம், பைக் நட்டுகளுக்கு அது எமன்.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில், ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் குறிப்பாக, கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுசாக உட்காராது. திருகும்போது மேலே எகிறித் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றும் முன் இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். பெட்ரோலில் கலக்கும் கிளீனரும் தருகிறார். இரண்டும் தேவையா? (கோவை வாசகர்)

இன்ஜின் உள்ளே இருக்கும் அழுக்கைக் கரைக்க ஊற்றும் அந்த ஃப்ளஷ் வேண்டாம். கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. ஃப்ளஷ் திரவம் கிளட்ச் பிளேட்டையும் நனைக்கும், வடித்த பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கும். வண்டியை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், அழுக்கு அதோடு வந்துவிடும். புது ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. எம்பி என்று போட்டிருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

பெட்ரோல் கிளீனர், தினமும் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. மாதக்கணக்கில் நின்ற கார்ப்ரேட்டர் வண்டியில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருந்தால், டேங்கில் எதை ஊற்றினாலும் திறக்காது. கழற்றி கார்ப்ரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அதற்கு முன் ஓ-ரிங், டயாஃப்ரம் போன்ற ரப்பர் பாகங்களை எடுத்துவிடுங்கள், ஸ்ப்ரே பட்டால் ஊதிப்போகும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போச்சு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். அவற்றின் த்ராட்டில் பாடிக்கென்று தனி கிளீனர் விற்கிறது, இந்த ஸ்ப்ரேயை அதில் அடிக்காதீர்கள்.

கேள்வி: செயின் கழுவ பெட்ரோல் நல்லதா, மண்ணெண்ணெயா? வண்டியை கியரில் ஓடவிட்டுத் துடைத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. (சேலம் வாசகர்)

முதலில் அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் அடுத்து போவது விரல். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம், இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினாக இருந்தால் அந்த ரப்பரும் கெடும். மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் ஸ்ப்ரே போதும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஈபி 90 கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்து, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் டயரில் தெறிக்கும். வெளியே தெரியும் செயின் என்றால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகும் இதைச் செய்யலாம்.

செயின் தொய்வு பல 100 சிசி வண்டிகளில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக் கையேட்டில் சரியான அளவு இருக்கும். சத்தம் வருகிறதே என்று முறுக்கி டைட் வைப்பவர்கள் கியர்பாக்ஸ் பேரிங்குக்குச் செலவு வைக்கிறார்கள்.

கேள்வி: செயினுக்கு டபிள்யூடி-40 மட்டும் அடித்தால் போதாதா? (மதுரை வாசகர்)

போதாது. 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டவும் துருப்பிடிக்காமல் காக்கவும் உருவான பொருள் அது. துருப்பிடித்த போல்ட், நனைந்த சுவிட்ச் இரண்டுக்கும் அருமை. அடித்தபின் செயினுக்கு ஆயில் தனியாக விட வேண்டும்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கிறோம். இன்ஜின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருக்கிறது. பாத்ரூம் ஆசிட் போட்டுத் தேய்க்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

கூடவே கூடாது! இன்ஜின் உறை அலுமினியம், ஆசிட் அதை அரித்துவிடும். இன்ஜின் நன்றாக ஆறியபின் டீகிரீஸர் அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் ஃபின்களின் (இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளின்) இடுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு அந்த ஃபின்கள்தான் வெப்பத்தை வெளியேற்றும் வழி, சேறு அடைத்துக்கொண்டால் சூடு ஏறும். வாட்டர் சர்வீஸில் டீசல் அடித்தால் பளபளக்கும், ஆனால் அந்த எண்ணெய்ப் படலத்தில் மறுநாளே தூசி ஒட்டும், ரப்பர் குழாய்களும் கெடும். உப்புக்காற்றுக்கு நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவதுதான் வழி. வீல் பேரிங், வயரிங் மேல் மட்டும் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்காதீர்கள்.

கேள்வி: டார்க் ரென்ச் அவசியமா? (திருநெல்வேலி வாசகர்)

எவ்வளவு அழுத்தத்தில் முறுக்குகிறோம் என்று அளந்து முறுக்கும் கருவி அது. ஆயிலை வடிக்கும் போல்ட்டையும் ஸ்பார்க் பிளக்கையும் நீங்களே கழற்றுவதாக இருந்தால் வாங்கலாம். இரண்டும் அலுமினியத்தில்தான் ஏறுகின்றன, அதிகம் முறுக்கினால் திரெட் போய்விடும். ரென்ச் இல்லாதவர்கள் பிளக்கைக் கையால் முழுதும் ஏற்றி, புதுசு என்றால் ஏறத்தாழ அரைச் சுற்று மட்டும் ஸ்பேனரால் முறுக்கினால் போதும். ஏற்கெனவே போட்ட பிளக்குக்கு அதிலும் பாதிகூட வேண்டாம். ஆயில் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், சில ரூபாய்தான் ஆகும்.